வந்தேறி யார்? 1877 பூஞ்சாறு ஒப்பந்தமும் முதுவர் நிலமும்

மூணாறு மலைப் பழங்குடியான முதுவரைப் பற்றி எழுதுவோர் பலரும் கடைசியில் ஏல்மர் மார்ட்டினிடம்தான் போய் நிற்கிறார்கள். 1909-இல் வெளிவந்த, தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய தர்ஸ்டனின் தொகுப்பில் முதுவர் பகுதிக்கு அடிப்படை அவருடைய குறிப்பே. நாயக்கர் ஆதிக்கம் வந்தபோது மதுரையிலிருந்து மலையேறியவர்கள் முதுவர் என்பது அதன் சாரம். முதுவர் வாய்மொழியில் இப்படி ஒரு கதை உண்டு. அதை அவர் கட்டிவிடவில்லை. ஆனால் மார்ட்டின் மூணாறு மலையில் தோட்டம் போட்டவர். அவர் குறிப்பை அப்படியே வரலாறாக எடுத்துக்கொண்டால், முதுவரும் துரைமாரும் ஒரே மலைக்கு முன்பின்னாக வந்தவர்கள் என்றாகிவிடுகிறது. இந்த வாசிப்பை ஏற்க இயலாது.

முதலாவது, கதை ஒன்றல்ல. கண்ணகி மதுரையை எரித்தபோது புறப்பட்டோம் என்ற வடிவமும் முதுவரிடையே வழங்குகிறது. மதுரை நாயக்கர் ஆட்சி 16-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. கண்ணகி கதையோ அதற்குப் பல நூற்றாண்டு முந்தியது. இரண்டில் எதையும் ஆண்டுக்கணக்காகக் கொள்ள முடியாது. குடியேற்றக் காலம் தீர்வாகாத கேள்வியாகவே நிற்கிறது.

இரண்டாவது, இதைவிட முக்கியமானது. இந்த மலையைத் தன் வசம் வைத்திருந்த பூஞ்சாற்று அரசகுலமும் தன்னை மதுரைப் பாண்டியர் வழி என்றே சொல்லிக்கொள்கிறது. அந்தக் கதை அவர்களுடைய உரிமையை எங்கும் குறைக்கவில்லை. 1877 ஜூலை 11-ஆம் தேதி பூஞ்சாற்று மன்னர் ஐரோப்பியத் தோட்டக்காரர் ஜான் டேனியல் மன்றோவுக்கு மூணாற்றுக் கண்ணன் தேவன் மலையை எழுதிக் கொடுத்தபோது, மதுரையிலிருந்து வந்தவருக்கு இந்த மலையை விட்டுக்கொடுக்க என்ன பாத்தியதை என்று யாரும் கேட்கவில்லை. ஒரே ஊரிலிருந்து வந்த கதை, ஒருவருக்குக் குலப்பெருமை; இன்னொருவருக்கு உரிமைக்குறைவு.

அடுத்த ஆண்டே திருவிதாங்கூர் அரசு அந்த ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளித்தது. 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. தேயிலைக் கொழுந்து கிள்ளக் கங்காணிகள் சமவெளியிலிருந்து தமிழ்க் கூலிகளைக் கூட்டிவந்தார்கள். இதெல்லாம் பலரும் எழுதியது.

யாரும் நின்று பார்க்காத ஓர் இடம், 1971-ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்தின் முகப்புரை. நிலம் கைமாறிய வரிசையை அது ஒவ்வொன்றாகச் சொல்கிறது: பூஞ்சாற்றுத் தலைவர், லண்டனையும் பீர்மேட்டையும் சேர்ந்த மன்றோ, திருவிதாங்கூர் அரசு, கம்பெனி. மன்றோவுக்கு இரண்டு ஊர் போட்ட முகப்புரையில் முதுவருக்கு ஒரு சொல்கூட இல்லை. தோட்டமாக்கப்படாத விளைநிலம் பெருமளவில் கிடக்கிறது, அதை மீட்டுப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது அது சொல்லும் காரணம்.

இங்கே சான்று மெலிவுதான். ஆனாலும் சொல்லத் துணிகிறேன். முதுவர் காட்டை வெட்டி எரித்து ராகி விதைப்பார்கள். விளைச்சல் எடுத்தபின் நிலத்தை ஆறவிட்டு வேறிடம் போவார்கள். ஆறப்போட்ட அந்தப் புனம், ஒப்பந்தம் எழுதியவர் கண்ணுக்கு ஆளில்லாக் காடாகவும், சட்டம் எழுதியவர் கண்ணுக்குப் பயன்படாத விளைநிலமாகவும் தெரிந்திருக்கலாம். எந்தப் புனம் எந்தக் குடியுடையது என்று காட்டும் பழைய வரைபடம் இல்லாததால் இதை முற்றாக நிறுவ முடியாது.

பாலக்காட்டுப் பக்கம் பறம்பிக்குளத்தில் 1877 ஒப்பந்தம் போன்ற ஒரு பத்திரமே தேவைப்படவில்லை. கொச்சி அரசின் மரம் ஏற்றும் டிராம்வே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடர் பழங்குடியினர் வாழ்ந்த காட்டுக்குள் நுழைந்தது. பத்திரம் இருந்த மலையிலும் இல்லாத காட்டிலும் பழங்குடிக்கு நேர்ந்தது ஒன்றே என்றால், விடையைப் பத்திர வரிசையில் மட்டும் தேடுவது வீண்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியிடம் மதுரைக் கதையைக் கேட்பதில்லை. 2005 டிசம்பர் 13-க்கு முன் காட்டுநிலம் அவர்கள் அனுபவத்தில் இருந்ததா என்றுதான் கேட்கிறது. தேயிலையாகிவிட்ட மண்ணுக்கு அதனால் பயனில்லை. ஆனால் வந்த காலத்தை வைத்து உரிமையை அளக்கும் மார்ட்டின் வழி வாசிப்பைச் சட்டமே கைவிட்ட பிறகு, ஆய்வுலகம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கக் காரணமில்லை.