ஆற்றில் கொட்டச் சொன்ன உலோகம்

ஹைட்ரஜனைக் கனத்த உருளைகளில் அடைக்காமல், ஓர் எண்ணெயோடு வேதியியல் முறையில் பிணைத்துச் சாதாரண டாங்கரில் அனுப்பலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் அதைப் பிரித்துக் கொடுக்கும் வினையூக்கி பெரும்பாலும் பிளாட்டினம்தான். இந்த வேலைக்கு வருமுன் அந்த உலோகம் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இன்றைய கொலம்பியாவின் சோக்கோ பகுதியில் தங்கம் அரித்தவர்களுக்கு, மணலோடு வந்த இந்த வெண்மணிகள் பெருந்தொல்லை. அன்றைய எந்த உலையிலும் உருகாது. ஆனால் தங்கத்தைவிடக் கனம். அந்தக் கனம் போதாதா மோசடிக்காரர்களுக்கு? தங்கத்தில் கலந்து விற்றார்கள், எடை காட்டிக்கொடுக்கவில்லை. ஸ்பானிய அரசு அதை ஆற்றில் கொட்டும்படி உத்தரவிட்டது. அப்படியும் கொஞ்சம் கடத்தலில் ஜமைக்காவுக்கு வந்தது. அங்கிருந்த உலோகவியலர் சார்லஸ் வுட் 1741இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்.

அடுத்த திருப்பம் ஜெர்மனியின் யேனா நகரில். 1823இல் வேதியியலர் டோபரைனர் பஞ்சுபோல் நுண்துளை கொண்ட பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனைப் பாய்ச்சினார். தீப்பொறியே இல்லாமல் வாயு பற்றிக்கொண்டது. துத்தநாகமும் கந்தக அமிலமும் கொண்டு ஹைட்ரஜன் தயாரித்து, அதைக் கொண்டே சுடர் ஏற்றும் விளக்கொன்றை உடனே செய்தார். உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சி இன்னும் வராத காலம் அது. டோபரைனர் காப்புரிமை எடுக்கவில்லை. ஆளாளுக்கு அதைப் பார்த்துச் செய்து விற்றார்கள். ஒரு பொருள் தான் தேயாமல் வினையை நடத்தும் நிகழ்வுக்கு 1835இல் வேதியியலர் பெர்சிலியஸ் பொதுப்பெயர் கொடுத்தபோது, முன்னுதாரணங்களில் ஒன்றாக இந்தப் பிளாட்டினமும் இருந்தது.

ஹைட்ரஜனை எரிக்கத் தெரிந்த உலோகத்துக்கு அதைப் பிரிக்கவும் தெரியும் என்று காட்டியவர் மாஸ்கோவின் வேதியியலர் நிக்கோலாய் செலின்ஸ்கி. 1911இல் சைக்ளோஹெக்சேன் ஆவியைச் சுமார் 300 டிகிரி செல்சியசில் பிளாட்டினத்தின் மேலும் பல்லேடியத்தின் மேலும் செலுத்தினார். ஒவ்வொரு மூலக்கூறும் ஆறு ஹைட்ரஜன் அணுக்களை விட்டுவிட்டு பென்சீன் ஆனது. இந்தக் கதையின் மையமே இதுதான் என்பேன். ஆனால் அப்போது ஹைட்ரஜன் யாருக்கு வேண்டும்?

பெட்ரோல்காரர்களுக்கும் வேண்டியதில்லை. மாஸ்கோவில் வளர்ந்து அமெரிக்கா போன விளாதிமிர் ஹென்சல் தேடியது தரமான பெட்ரோலைத்தான். அலுமினாவின் மேல் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பிளாட்டினத்தைத் தூவினால் போதும் என்று காட்டி, விலையைச் சொல்லி மறுத்தவர்களின் வாயை அடைத்தார். 1949இல் மிச்சிகனில் முதல் ஆலை ஓடியது. பெட்ரோல் கிடைத்தது, ஹைட்ரஜன் உபரியாகக் கொட்டியது.

அங்கே உபரியாக இருந்த ஹைட்ரஜனையே இலக்காக்கி 1980களில் சுவிட்சர்லாந்தில் ஒரு லாரியை ஓட்டிப்பார்த்தார்கள். மெத்தில்சைக்ளோஹெக்சேன் லாரியிலேயே ஹைட்ரஜனாகவும் டொலுயீனாகவும் பிரிந்தது. பின்னர் ஜெர்மனியின் எர்லாங்கனில் ஆய்வாளர்கள், ஹைட்ரஜன் சுமக்கும் எண்ணெயாக, ஆலைகளில் வெப்பம் கடத்தப் பயன்படும் டைபென்சைல்டொலுயீனைக் கையில் எடுத்தார்கள்; அது ஏற்கெனவே சந்தையில் விற்ற சரக்கு.

மெத்தில்சைக்ளோஹெக்சேனையே தேர்ந்தெடுத்த ஜப்பானின் சியோடா நிறுவனத்துக்குச் சிக்கல் வேறு. பிளாட்டினம் வெறியோடு வேலை செய்தால் டொலுயீனையும் உடைத்துக் கரியாக்கிவிடும். சுத்திகரிப்பு ஆலைகள் கந்தகத்தை வினையூக்கியின் விஷம் என்று விரட்டுகின்றன. இவர்களோ ஒரு நானோமீட்டருக்கும் சிறிய பிளாட்டினத் துகள்களில் வேண்டுமென்றே கொஞ்சம் கந்தகத்தைச் சேர்த்து அடக்கினார்கள். 2020இல் புரூணேயிலிருந்து கடல்வழி வந்த மெத்தில்சைக்ளோஹெக்சேன் கவாசாகியில் ஹைட்ரஜனைக் கொடுத்தது. அது மின்நிலையத்தின் எரிவாயுச் சுழலிக்கு எரிபொருளானது. மிஞ்சிய டொலுயீன் மறுபடி ஏற்றிக்கொள்ளப் புரூணேக்கே திரும்பியது.

செலின்ஸ்கி கொடுத்த வெப்பத்தை மட்டும் யாராலும் தவிர்க்க முடியவில்லை. வெளிவரும் ஹைட்ரஜனை எரித்தால் கிடைக்கும் ஆற்றலில் கால்பங்குக்கு மேல் அதைப் பிரிக்கவே செலவாகிறது. அதனால்தான் கழிவுவெப்பம் வீணாகும் ஆலைகளுக்குப் பக்கத்திலேயே ஹைட்ரஜனைப் பிரிக்கும் உலைகளை வைப்பது நல்லது என்று நினைக்கிறேன்.