மாசி

மாசி என்பது சூரை மீனை வேகவைத்து, புகை காட்டி, கட்டைபோல் ஆகும்வரை வெயிலில் காயவிட்டுச் செய்யும் ஒருவகைக் கருவாடு. தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை அடுக்களைகளிலும் இலங்கை முழுவதிலும் புழங்குவது. மாசி மாதத்துக்கும் இதற்கும் ஒட்டுறவில்லை. மாலத்தீவின் திவேகி மொழியில் மீனுக்கு 'மஸ்' என்று பெயர். காய்ந்த மீன் 'ஹிக்கி மஸ்'. அந்த மஸ்தான் தமிழ்க் கரையில் மாசியானது. சிங்களத்தில் 'உம்பலகட' என்பார்கள்.

ஆயத்த உணவின் வரலாற்றைப் பலரும் 1958இல் ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ விற்பனைக்குக் கொண்டுவந்த உடனடி நூடுல்ஸிலிருந்து தொடங்குகிறார்கள். சமைப்பவரின் வேலையில் பெரும்பகுதியை வேறெங்கோ முன்கூட்டியே முடித்து, கெடாத வடிவில் கைக்குக் கொடுப்பதுதான் ஆயத்த உணவு என்றால், முத்துக்குளித்துறைக் கரைக்கு அது பல நூற்றாண்டுப் பழக்கம். மற்றக் கருவாட்டை ஊறவைத்து, உப்புப் போகக் கழுவி, வேகவைத்தால்தான் வாயில் வைக்க முடியும். மாசி ஏற்கெனவே வெந்தது. கப்பலில் போகிறவர் ஒரு சில்லை உடைத்து வாயில் அடக்கிக்கொண்டால் அடுப்பே வேண்டாம்.

செய்முறை

மாசிக்கு உகந்த மீன், அடிவயிற்றில் நீளவாக்கில் கருங்கோடுகள் ஓடும் சூரை. தலையையும் குடலையும் நீக்கி, நடுமுள்ளை எடுத்து, சதையை நீளவாக்கில் நான்கு துண்டாக்குவார்கள். கடல்நீரிலோ உப்புக் கலந்த நீரிலோ வேகவைத்து, நீர் வடிந்ததும் பரணில் அடுக்கிக் கீழே புகை மூட்டுவார்கள். தென்னந்தீவுகளில் புகைக்கு வேண்டிய மட்டைக்கும் சிரட்டைக்கும் பஞ்சமில்லை. பிறகு நாட்கணக்கில் வெயில். இரவில் பனி படாமல் உள்ளே எடுத்துவைக்க வேண்டும். ஏறத்தாழ 5 கிலோ பச்சை மீன் 1 கிலோ மாசியாகச் சுருங்கும். வெந்த நீரும் வீணாகாது. அதை மேலும் மேலும் வற்றக் காய்ச்சினால் கரும்பழுப்புக் குழம்பாகத் திரளும். மாலத்தீவில் அதற்கு ரிஹாகுரு என்று பெயர். சோற்றில் பிசைந்து உண்பார்கள்.

நன்றாகக் காய்ந்த மாசியைக் கத்தியால் வெட்ட முடியாது. உரலில் போட்டு உலக்கையால் இரண்டு இடி இடித்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும். உள்ளே செந்நிறம் தெரியும். அந்தச் சில்லோடு காய்ந்த மிளகாய், தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், உப்பு சேர்த்து இடித்து எலுமிச்சை பிழிந்தால் மாசிச் சம்பல் ஆயிற்று. கத்தரிக்காய்க் கூட்டில் ஒரு பிடி தூவினாலும் குழம்பின் குணமே மாறிவிடும்.

இந்த மாயத்துக்கு வேதியியல் விளக்கம் ஜப்பானிலிருந்து வந்தது. இதே இனச் சூரையில் அவர்கள் செய்யும் கட்சுவோபுஷியை ஆராய்ந்த ஷின்தாரோ கோடாமா, அதன் சுவைக்குக் காரணம் இனோசினிக் அமிலம் என்று 1913இல் கண்டறிந்தார். கட்சுவோபுஷியில் பூஞ்சை படரவிடும் படி ஒன்று கூடுதலாக உண்டு. மாசியில் பூஞ்சை படர்ந்தால் வியாபாரி தலையில் கைவைக்க வேண்டியதுதான்.

தீவுகளும் துறைமுகமும்

மாசியைப் பற்றிய புகழ்பெற்ற பழைய குறிப்பு பயணி இப்னு பதூதாவுடையது. 1343–44இல் மாலத்தீவில் தங்கி நீதிபதியாகப் பணியாற்றிய அவர், மீனை நான்காக வகிர்ந்து, சிறிது வேகவைத்து, ஓலைக்கூடைகளில் வைத்துப் புகையூட்டுவதையும், அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் போவதையும் எழுதிவைத்தார். 1602இல் கப்பல் உடைந்து அதே தீவுகளில் ஐந்தாண்டு சிக்கிக்கொண்ட பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார் கடல்நீரில் வேகவைத்து உலர்த்தும் முறையை விவரிக்கிறார். இருவருக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டு. செய்முறை கிட்டத்தட்ட ஒன்றே.

தூத்துக்குடி மாசியைக் கண்டுபிடித்த ஊரல்ல. அது கைமாற்றிய ஊர்; பின்னாளில் தானும் செய்யத் தொடங்கிய ஊர். போர்ச்சுகீசியர், 1658 முதல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறியபோது ஏடுகளில் ஏறியவை முத்தும் சங்கும் துணியும்தான். முத்துக்குக் கணக்கெழுத அதிகாரி இருந்தான். கருவாட்டுச் சிப்பத்துக்கு யார் எழுதுவார்? ஆனால் 1961க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கருவாட்டுச் சிப்பம் இன்றும் ஏறி இறங்குகிறது.

இந்த வாணிகத்தின் வாகனம் தோணி. தூத்துக்குடியில் தோணி, மாலத்தீவில் தோனி; மீனின் பெயர் அங்கிருந்து இங்கு வந்ததுபோல், படகின் பெயர் இரு கரைக்கும் பொதுவாக நிற்கிறது. பாய்மரத் தோணிகள் தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த மாதங்களில் கொழும்புக்கும் மாலேவுக்கும் வெங்காயம், காய்கறி, கட்டுமானப் பொருள்களை ஏற்றிச் சென்றன. பின்னர் அவற்றில் இயந்திரமும் சேர்ந்தது. 1974 ஜூலையில் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பின்னும் தோணிகள் பழைய துறைமுகத்தை விடவில்லை. 2020 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கொச்சி வழியாக மாலேவுக்கு 200 பெட்டகம் கொள்ளும் சரக்குக் கப்பல் விடப்பட்டது. தோணிக்காரர்கள் காலங்காலமாக ஓடிய தடம்தான் அது.

வாங்கும் வீடு ஒன்றே

மாசித் தொழிலின் பலமும் பலவீனமும் இலங்கைதான். சம்பலிலும் பருப்பிலும் மாசி இல்லாமல் அங்கே சமையல் நகராது. மாலத்தீவின் சரக்கில் பெரும்பகுதி கொழும்புக்கே போயிற்று. 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை அரசு இறக்குமதியை ஒடுக்கியபோது அந்த ஒரே கதவு சாத்தப்பட்டது. தீவினர் 1972 முதல் பச்சை மீனை உறையவைக்கும் ஜப்பானியக் கப்பல்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். 1974இல் படகுகளுக்கு இயந்திரம் வந்தது. 1978இல் ஃபெலிவாரு தீவில் டப்பாத் தொழிற்சாலை எழுந்தது. பரணிலிருந்து டப்பாவுக்கு அவர்கள் மாற ஆறே ஆண்டு.

இந்தியாவில் மாசி செய்யும் முதன்மையான இடம் இலட்சத்தீவு. அதிலும் திவேகியின் கிளையான மஹல் பேசும் மினிக்காய். அங்கே தூண்டிற்கழியால் சூரை பிடித்து மாசி செய்வது பழந்தொழில். 1969இல் அரசு அங்கு ஒரு டப்பாத் தொழிற்சாலையைத் தொடங்கியது. டப்பா வந்தும் மாசி ஒழியவில்லை. மின்சாரம், தகரம், எண்ணெய் எதையும் அது கேட்பதில்லை என்பதே காரணம் என்பது என் கணிப்பு. மினிக்காய் மாசியின் முக்கியச் சந்தைகளில் ஒன்று தூத்துக்குடி. இங்கிருந்து அது இலங்கைக்கும் போகிறது. தருவைக்குளம் போன்ற ஊர்களின் வலைப்படகுகள் ஆழ்கடலில் சூரை பிடித்து வருவதால், உள்ளூரிலும் சூரையை அவித்து உலர்த்தி மாசி செய்கிறார்கள். தீவுச் சரக்கா உள்ளூர்ச் சரக்கா என்பதில் கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் ஓயாத வழக்கு. புகை மணம் இருந்தால் தீவுச் சரக்கு என்பது பாட்டிகளின் தீர்ப்பு. அதை அப்படியே சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

முறையான மீன்பதனக் கல்வி இந்தக் கரைக்கு 1977இல் தூத்துக்குடியில் தொடங்கிய மீன்வளக் கல்லூரியோடு வந்தது. சூரையில் ஊறுகாயும் கட்லெட்டும் செய்யலாம் என்று பயிற்சி தருகிறார்கள். சந்தையிலோ வேறொரு மாற்றம்: உரல் இல்லாத வீடுகளுக்காக மாசியைச் சில்லாகவும் தூளாகவும் உடைத்துப் பொட்டலம் போடுகிறார்கள். ஆயத்த உணவை மேலும் ஆயத்தமாக்கும் வேலை. வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்களின் பெட்டியில் அது இடம்பிடித்துவிட்டது.

ஆனாலும் கருவாட்டுக் கடையில் வயதானவர்கள் தூளைத் தொடுவதில்லை. எந்த மீன், எந்த வருடத்துச் சரக்கு என்பது தூளில் தெரியாது. இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார்கள். 'டக்'கென்று காய்ந்த விறகின் ஓசை வந்தால் தராசில் வைக்கச் சொல்வார்கள். மந்தமாக விழுந்தால் கட்டை திரும்பச் சாக்குக்கே போகும்.