கண் மருத்துவரின் துணைவர்கள்



கண் மருத்துவமனைக்குச் சென்று மீண்ட ஒருவரைக் கேட்டால், தமக்கு மருத்துவம் செய்த மருத்துவரின் பெயரைத் தவறாமற் சொல்வார். அந்த மருத்துவரிடம் செல்வதற்கு முன், சிறியதோர் அறையில் தம்மை உட்கார வைத்து, ஒரு கண்ணை மறைத்து, எதிரே தொங்கும் எழுத்துகளைப் படிக்கச் சொன்னவர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் விடை வராது. அவர்தாம் கண் மருத்துவ உதவியாளர். அத்தொழில் எவ்வாறு தோன்றியது, அதன் கடமை யாது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நான் மருத்துவன் அல்லேன். ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் பணியாற்றி, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். எனினும் இப்பொருளைப் பற்றிப் பேச எனக்கு ஒரு காரணம் உண்டு. அது என் பிழையிலிருந்து பிறந்த காரணம்.

1989-ஆம் ஆண்டில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் கற்பித்து வந்தேன். கடைசி வரிசையில் உயரமான பையன் ஒருவன் இருப்பான். நான் கரும்பலகையில் 38 என்று எழுதினால் அவன் 33 என்று எழுதுவான். கூட்டல் குறியைப் பெருக்கல் குறியாகக் கொள்வான். வாய்க்கணக்கில் மட்டும் அவனை வெல்ல ஆளில்லை. இந்த முரண்பாடு ஓர் ஆசிரியனைச் சிந்திக்கச் செய்திருக்க வேண்டும். நானோ, அவன் கவனமில்லாதவன் என்று முடிவு கட்டி, பலமுறை வகுப்பின் முன் நிற்க வைத்தேன். அவன் தந்தையையும் அழைத்துக் கடிந்துகொண்டேன்.

மூன்று திங்கள் சென்றபின், ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கண் மருத்துவ உதவியாளர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். ஆறு மீட்டர் தொலைவை நாடாவினால் அளந்து தரையில் சுண்ணக்கட்டியால் கோடு இட்டார். சுவரில் எழுத்து அட்டையை மாட்டினார். வரிசையில் நின்ற பிள்ளைகள் முன்னவன் சொல்வதைக் கேட்டு மனப்பாடம் செய்வதைக் கண்டு, பின்னவர்களை வலமிருந்து இடமாகப் படிக்கச் சொன்னார். அந்தப் பையனின் முறை வந்தது. அட்டையின் உச்சியிலிருந்த ஒரே பெரிய எழுத்தைத் தவிர வேறொன்றும் அவனுக்குத் தெரியவில்லை. உதவியாளர் ஒரு சீட்டில் 6/60 என்று எழுதி என் கையில் கொடுத்தார். "ஐயா, இவனுக்குப் பலகை தெரிந்திருக்க வழியில்லை" என்று மட்டும் சொன்னார். அந்தச் சீட்டைப் பார்த்தபோது எனக்கு உண்டான வெட்கத்தை இன்றும் மறக்கவில்லை.

6/60 என்னும் அந்த எண்ணின் பொருளை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். நல்ல பார்வையுடையவர் 60 மீட்டர் தொலைவிலிருந்து அடையாளம் காணும் எழுத்தை, இவன் 6 மீட்டர் தொலைவுக்கு வந்தால்தான் காண்பான் என்பதே அதன் பொருள். இம்முறையை வகுத்தவர் ஹாலந்து நாட்டு உட்ரெக்ட் நகரத்து மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன். 1862-இல் அவர் தம் எழுத்து அட்டையை வெளியிட்டார். அதற்கு முன் ஒருவருடைய பார்வை எவ்வளவு குறைந்துள்ளது என்பதை ஒவ்வொரு மருத்துவரும் தத்தமக்குத் தோன்றியவாறு எழுதினர். அதன்பின், ஓர் ஊரில் எழுதிய எண்ணை வேறோர் ஊரிலுள்ளவர் ஐயமின்றிப் புரிந்துகொள்ள முடிந்தது. எழுத்தறியாதவர்க்கும் வழி உண்டு. ஆங்கில 'ஈ' எழுத்தின் வடிவத்தை நான்கு திசைகளிலும் திருப்பி அச்சிட்டு, அதன் கால்கள் எப்பக்கம் நோக்குகின்றன என்று கையால் காட்டச் சொல்வார்கள்.

கண் மருத்துவத்தின் புது வரலாறே இவ்வாறு உணர்விலிருந்து அளவுக்கு வந்த வரலாறுதான். 1851-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், உயிருள்ள கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியை உலகுக்கு அறிவித்தார். மாணவர்க்குப் பாடம் நடத்துவதற்காக ஆயத்தம் செய்யும்போதே அவ்வெண்ணம் அவருக்குத் தோன்றியது என்பது ஆசிரியர்களாகிய எங்களுக்குப் பெருமை தரும் செய்தி. 1873-இல் குயிஞே என்னும் பிரெஞ்சு மருத்துவர், கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சி, அவ்வொளி அசையும் திசையைக் கொண்டு பார்வைக் குறையைக் கண்டறியும் வழியைக் கூறினார். பேசத் தெரியாத குழந்தைக்கும் கண்ணாடி கொடுக்க இதனாலேயே இயல்வதாயிற்று. கண்ணின் உள்ளழுத்தத்தை முன்பு மருத்துவர்கள் மூடிய இமையின்மேல் விரல்களை வைத்து உணர்ந்து கூறினர். 1905-இல் நார்வே நாட்டு ஷியோட்ஸ் அதனை எண்ணால் காட்டும் கருவியை அமைத்தார். அழுத்த நோயால் இழந்த பார்வை மீளாது; ஆகவே முன்னரே அளந்தறிவது உயிரான செயல்.

விரலின் உணர்வை ஒருவர் மற்றவர்க்குக் கொடுத்தல் அரிது. எண்ணையோ, நன்கு பயின்ற எவரும் கண்டு எழுதலாம். எனவே அளவுக் கருவிகள் பெருகப் பெருக, மருத்துவர் ஒருவரே செய்துவந்த பல பணிகளை, பயிற்சி பெற்ற துணைவரிடம் ஒப்படைக்க வழி பிறந்தது. இங்கிலாந்தில் மேரி மாடாக்ஸ் என்னும் பெண்மணி 1920-களில் மாறுகண் உடையோர்க்குப் பயிற்சி அளிக்கும் பணியைத் தனித் தொழிலாக வளர்த்தார். அமெரிக்காவில் இத்துணைவர்களின் தகுதியைத் தேர்ந்து சான்று அளிப்பதற்காக 1969-இல் ஒரு கூட்டு ஆணையம் அமைந்தது.

நம் நாட்டில் கண் மருத்துவமனை புதியதன்று. லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனை 1805-இல் தோன்றியது. அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 1819-இல், சென்னையிலும் கண் மருத்துவமனை தோன்றிவிட்டது. இராயப்பேட்டையில் தொடங்கிய அதுவே பின்னர் எழும்பூரில் நிலைபெற்றது. அங்கே தலைவராக இருந்த எல்லியட் என்பவர், அழுத்த நோய்க்குக் கண்ணில் மிகச் சிறிய துளையிட்டு நீரை வடியச் செய்யும் அறுவை முறையை 1909-இல் வெளியிட்டார். நாட்டுப்புறங்களில் சலாகை கொண்டு புரையைக் கண்ணின் உள்ளே தள்ளிவிடும் பழைய முறையைப் பற்றி ஆராய்ந்து நூல் எழுதியவரும் அவரே.

மருத்துவமனை நகரத்தில் இருந்தது. பார்வை இழந்தோரோ பெரும்பாலும் சிற்றூர்களில் இருந்தனர். மருத்துவர்கள் மிகச் சிலர். 1976-இல் இந்திய அரசு பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, நூற்றுக்கு 1.4 என்றிருந்த பார்வையிழப்பை 0.3-ஆகக் குறைப்பது என்று இலக்கு வகுத்தது. மருத்துவர்களை மட்டும் நம்பி அவ்விலக்கை எட்டுதல் இயலாது. ஆகவே ஈராண்டுப் பயிற்சி பெற்ற கண் மருத்துவ உதவியாளர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தப்பட்டனர். என் பள்ளிக்கு வந்தவர் அவர்களுள் ஒருவர். 2015 முதல் 2019 வரை நடந்த கணக்கெடுப்பில் பார்வையிழப்பு நூற்றுக்கு 0.36 என்று கண்டனர். இடையில் பார்வையிழப்பு என்பதன் வரையறையும் மாறியதால் இரண்டு எண்களையும் அப்படியே ஒப்பிடலாகாது. எனினும் முன்னேற்றம் பெரிது என்பதில் ஐயமில்லை.

அதே 1976-இல் மதுரையில் மற்றொரு தொடக்கம் நிகழ்ந்தது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவை பயின்றவர் அவர். அங்கே பள்ளிப் படிப்பை முடித்த சிற்றூர்ப் பெண்களைத் தேர்ந்து ஈராண்டு பயிற்றுவித்தனர். பார்வையை அளத்தல், அழுத்தத்தைக் காணல், அறுவைக்கு ஆயத்தம் செய்தல் ஆகியவற்றை அப்பெண்களே மேற்கொண்டனர். ஒரு மேசையில் மருத்துவர் அறுவையை முடிக்கும்போது, அடுத்த மேசையில் மற்றொரு நோயாளி ஆயத்தமாக இருப்பார். மருத்துவரின் நேரம் அறுவைக்கே பயன்பட்டது, செலவு குறைந்தது, ஏழைக்கும் பார்வை கிட்டியது.

இத்துணைவரின் பொறுப்பு எத்தகையது என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் நானே கண்டேன். என் வலக்கண்ணில் புரை முதிர்ந்து அறுவைக்குச் சென்றிருந்தேன். முற்காலத்தில் புரையை நீக்கியபின் தடித்த கண்ணாடி அணிவிப்பார்கள். 1949-இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்தினார். 1992 முதல் மதுரையிலேயே குறைந்த விலையில் அவ்வில்லைகள் செய்யப்படுவதாயின. வில்லையின் ஆற்றல் ஆளுக்கு ஆள் வேறுபடும். கருவிழியின் வளைவையும், கண்ணின் முன்பின் நீளத்தையும் அளந்தே அதனைக் கணிக்க வேண்டும். அந்நீளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர்தான். அதில் 1 மில்லிமீட்டர் பிழைத்தால் வில்லையின் ஆற்றல் ஏறத்தாழ 2.5 டயாப்டர் பிழைத்துவிடும்.

என் மகளினும் இளையவளான ஒரு பெண், செவிக்கெட்டா ஒலியால் அளக்கும் சிறு கோலை என் கண்ணில் தொட்டு அளந்தாள். எண்களைப் பார்த்தாள், சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். "ஐயா, இரண்டு கண்ணும் ஒத்து வரவில்லை. வலது கண் ஒரு மில்லிமீட்டர் குறைவாகக் காட்டுகிறது. நான் சற்று அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. மறுபடியும் பார்க்கிறேன்" என்றாள். வெளியே நாற்பது பேர் காத்திருந்தனர். அவள் மீண்டும் மூன்று முறை, கருவிழி அமுங்காதபடி மெல்லத் தொட்டு அளந்தாள். கண்கள் ஒத்து வந்தன. முதல் அளவை அப்படியே எழுதியிருந்தால், எத்துணைத் தேர்ந்த மருத்துவர் அறுவை செய்திருப்பினும், ஒரு முழத் தொலைவுக்கு அப்பால் உள்ளவை எனக்கு மங்கலாகவே தெரிந்திருக்கும். "நான் அழுத்திவிட்டேன்" என்று தன் பிழையைத் தானே சொன்ன அச்சொல்லை, பெரிய பட்டங்கள் பெற்றோரிடமும் நான் அதிகம் கேட்டதில்லை.

இத்தொழிலில் சிறு செயல் என்பது இல்லை. பாவையை விரிக்கும் மருந்தை இடுமுன், அழுத்தம் திடீரென உயரக்கூடிய கண்ணா என்று பார்க்க வேண்டும். வலம், இடம் என்பதை மயக்கமின்றி எழுத வேண்டும். ஒரு கண்ணில் பட்ட கருவியைத் தூய்மை செய்யாமல் மறு கண்ணுக்குக் கொண்டு செல்லலாகாது. நோய் இன்னதென்று தீர்மானிப்பது மருத்துவரின் கடமை. அத்தீர்மானத்துக்கு ஆதாரமான அளவை உண்மையாக எழுதுவது உதவியாளரின் கடமை. தன் எல்லையை அறிந்து நிற்பதும் இத்தொழிலின் கல்வியுள் அடங்கும்.

மாணவர்களே, உங்களுள் சிலர் மருத்துவராக விரும்பி, இடம் கிடைக்காமல் மனம் சோரக்கூடும். இத்தகைய தொழிலும் உண்டு என்பதை எண்ணிப் பாருங்கள். ஆசிரியராகப் போகிறவர்களுக்கும் ஒன்று கூறுவேன். அந்தப் பையன் கண்ணாடி அணிந்து வந்த மறுநாள், பலகையில் இருந்த பத்துக் கணக்கையும் பிழையின்றி எழுதினான். வகுப்பின் முன் அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அத்துணிவு அன்று எனக்கு வரவில்லை. அதற்கு ஈடாக ஒன்று செய்தேன். அது முதல் ஓய்வு பெறும் வரை, ஆண்டுதோறும் பள்ளி திறந்த முதல் நாள், பலகையில் ஒரு வரி எழுதி, பிள்ளைகளைக் கடைசி வரிசையில் ஒவ்வொருவராக உட்கார வைத்து, ஒரு கண்ணை மறைத்துப் படிக்கச் சொல்வேன். படிக்க இயலாதவர்களின் பெயரைக் குறித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவேன். அப்பட்டியல் வெறுமையாக இருந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை.