கேள்வி நேரம் – 17: சேதாரக் கணக்கு

ஆரணியில் கூலிக்குப் பட்டு நெய்கிற வீடுகளில் தராசுக்குத் தனி மரியாதை. பாவும் ஊடையும் ஜரிகையும் எடைபோட்டுத்தான் முதலாளியிடமிருந்து வரும். சேலையை அறுத்துக்கொண்டு போனால் அது மறுபடி தராசில் ஏறும். கொடுத்த எடைக்கும் வந்த எடைக்கும் நடுவே சேதாரம் என்று சொற்பம் விடுவார்கள். அதற்கு மேல் குறைந்தால் நெய்தவர் வாய் திறந்து பதில் சொல்லியாக வேண்டும். நூல் அறுந்தது, எலி கடித்தது என்ற கதையெல்லாம் அங்கே எடுபடாது.

இந்த நெசவாளர்களின் பணமும் கொஞ்சம் எல்ஐசிக்குப் போயிருக்கிறது. கைத்தறி நெசவாளர்களுக்காக மத்திய அரசு கொண்டுவந்த மகாத்மா காந்தி புங்கர் பீமா யோஜனாவில் ஆண்டு பிரீமியம் 470 ரூபாயாக இருந்தது. அரசு 290, எல்ஐசி 100, நெசவாளர் 80. வாங்கி வைத்துக்கொண்டு இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு எல்ஐசியினுடையதாக இருந்தது. எண்பது ரூபாய்தானே என்று நமக்குத் தோன்றலாம். அரை நாள் கால் வலிக்க மிதித்தால்தான் அது கைக்கு வரும். அந்த எல்ஐசி பிறந்து பத்து மாதம் ஆவதற்குள், பாலிசிதாரர் பணம் ஒன்றேகால் கோடியின் எடை குறைந்த கதைதான் இந்த வாரம்.

கணக்குக் கேட்டவர் பெரோஸ் காந்தி. ரேபரேலியின் காங்கிரஸ் எம்.பி., பிரதமர் நேருவின் மருமகன். கணக்குச் சொல்ல வேண்டியிருந்தவர் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. நம் சென்னைக்காரர், அடுப்படியில் விசில் அடிக்கும் குக்கரில் இருக்கும் அதே டி.டி.கே. இருவருக்கும் நடுவே சபாநாயகர் நாற்காலியில் திருப்பதிப் பக்கத்துக்காரரான அனந்தசயனம் அய்யங்கார்.

டி.டி.கே. பெயர் நெசவு ஊர்களுக்குப் புதிதல்ல. 1952இல் கைத்தறித் துணி தேங்கி, தறிகள் நின்று, நெசவாளர்கள் கஞ்சித் தொட்டி தேடிய காலத்தில் மத்திய வர்த்தக அமைச்சர் அவர்தான். கரை போட்ட வேட்டி, சேலையைக் கைத்தறிக்கே விட்டுவிடுங்கள் என்று சென்னையிலிருந்து ராஜாஜி விடாமல் கேட்டார். டெல்லி அவ்வளவு தூரம் போகவில்லை. ஆலைகளின் வேட்டி உற்பத்தியை முந்தைய அளவில் 60 சதவீதமாகக் குறைத்தது. 1953இல் ஆலைத் துணிக்குக் கெஜத்துக்கு 3 தம்படி தீர்வை போட்டு, அந்தப் பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் ஒதுக்கியது. கேட்டது ஒன்று, கிடைத்தது பாதி. பட்டுக்கு இதில் நேரடி லாபம் குறைவு என்றாலும், கணக்கில் கெட்டிக்காரர் என்ற பெயர் அமைச்சருக்கு அப்போதே இருந்தது.

பெரோஸ் அதற்குள் வேறொரு கணக்கை முடித்திருந்தார். 1955 டிசம்பரில், டால்மியாவின் பாரத் இன்சூரன்ஸில் பாலிசிதாரர் பணம் எப்படியெல்லாம் கைமாறியது என்று அவையில் புள்ளிவிவரத்தோடு விரித்தார். அடுத்த மாதமே ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்துக்கொண்டது. 245 தனியார் நிறுவனங்களும் சங்கங்களும் கலந்து, 1956 செப்டம்பர் 1 அன்று எல்ஐசி உருவானது. அவர் கேள்வி கேட்டுப் பிறந்த குழந்தை என்றே சொல்லலாம். அதனால்தானோ என்னவோ, அதன் மேல் ஒரு கண் வைத்தே இருந்தார்.

1957 ஜூன் கடைசியில் அந்த எல்ஐசி, கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிப் பங்குகளைச் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. ரிச்சர்ட்சன் குரூடாஸ், ஜெசாப், ஆஸ்லர் லாம்ப்ஸ், ஏஞ்சலோ பிரதர்ஸ், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன். முந்த்ராவோ கடனில் மூழ்கிக்கொண்டிருந்தவர். முதலீட்டைப் பரிசீலிக்க எல்ஐசியிலேயே ஒரு குழு இருந்தது, அதைக் கேட்கவில்லை.

செப்டம்பரில் எம்.பி. ராம் சுபக் சிங் கேள்வி போட்டார். அரசுத் தரப்பின் பதில் வழுக்கிக்கொண்டு போனது. நவம்பர் கடைசியில் பெரோஸ் துணைக்கேள்விகளோடு மீண்டும் பிடித்தார். அப்போதும் நேரான பதில் இல்லை. அமைச்சர்களுக்கு மூலக் கேள்வி பயமில்லை. அதற்கான பதிலை அதிகாரிகள் தட்டச்சு செய்து கையில் கொடுத்துவிடுவார்கள். எழுந்து நின்றபடி, காகிதம் இல்லாமல் சமாளிக்க வேண்டியது துணைக்கேள்வியைத்தான். மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

டிசம்பர் 16 அன்று தனி விவாதம். தன் மனத்துக்குள் மூண்ட கலகமே தன்னைப் பேச வைக்கிறது, இவ்வளவு பெரிய விஷயத்தில் மௌனம் குற்றம் என்று ஆரம்பித்தார் பெரோஸ். மாமனார் பிரதமர், எதிரே நிற்பவர் சொந்தக் கட்சி அமைச்சர். அந்த நிலையில் ஒரு மனிதர் இப்படித் தொடங்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தொடக்கத்துக்குப் பிறகு உணர்ச்சி வசனம் எதுவும் கிடையாது. எந்தப் பங்கு, என்ன விலை, எந்த நாள் என்று அடுக்கிக்கொண்டே போனார். சரிந்த சந்தையைத் தூக்கி நிறுத்தவே வாங்கினோம் என்பது அரசுத் தரப்பு வாதம். தூக்கி நிறுத்த வேண்டுமானால் சந்தையில் போயல்லவா வாங்க வேண்டும்? இங்கே முந்த்ராவிடமிருந்தே நேராக வாங்கியிருந்தார்கள். சில பங்குகளுக்குச் சந்தை விலையைவிட அதிகமாகவும் கொடுத்திருந்தார்கள். தராசில் எடை குறைந்தது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அரசு விசாரணைக்கு ஒப்புக்கொண்டது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளாவை ஒருநபர் ஆணையமாக நியமித்தார்கள். அவர் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. பம்பாயில் பகிரங்கமாக விசாரித்தார். உள்ளே இடமில்லாமல் வெளியே நின்ற கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டினார்கள். அமைச்சரும் சாட்சி சொன்னார், நிதித்துறையின் முதன்மைச் செயலாளர் எச்.எம்.படேலும் சொன்னார். செயலாளர் தன் ஒப்புதல் இல்லாமல் செய்துவிட்டார் என்றார் டி.டி.கே. செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு, அதைக் கீழே தள்ளிவிட முடியாது என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரி 10 அன்று அறிக்கை வந்தது. ஜனவரியில் அமைத்த ஆணையம் பிப்ரவரியில் முடித்துக் கொடுத்தது என்பதை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இன்றைய ஆணையங்களுக்குக் கால நீட்டிப்பு அரசாணை தட்டச்சு செய்யவே அவ்வளவு நாளாகும்.

அதே மாதம் டி.டி.கே. ராஜினாமா செய்தார். அவர் பணத்தில் கை வைத்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அதையும் இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம். 1962இல் மந்திரிசபைக்குத் திரும்பினார், 1963இல் மறுபடி நிதியமைச்சரானார். முந்த்ரா சிறைக்குப் போனார். பெரோஸ் 1960 செப்டம்பர் 8 அன்று மாரடைப்பில் போய்விட்டார். 48 வயது நிறைய நான்கு நாள் பாக்கி.

ஒன்று விட்டுப்போயிற்று. அவையில் பேசியதை உள்ளபடி வெளியிடும் பத்திரிகை மீது வழக்குப் போட முடியாதபடி ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்து, 1956இல் சட்டமாக்கியவரும் பெரோஸ்தான். முந்த்ரா பேச்சை நாடு முழுக்கப் பத்திரிகைகள் பயமின்றி அச்சிட்டது அந்தச் சட்டத்தின் துணையோடு. நெருக்கடி நிலையில் அந்தச் சட்டத்தை நீக்கிய அரசுக்குப் பிரதமர் அவருடைய மனைவி இந்திரா. 1977இல் ஜனதா ஆட்சி அதைத் திரும்பக் கொண்டுவந்தது. நடுவில் அந்த ஒன்றரை வருடம் அவைக்குள் யார் என்ன கேட்டார்கள், வெளியே எது தெரிந்தது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)