எம் முன்னோர் பெயர் தேடி

சென்ற ஆண்டு ஆடி அமாவாசையன்று, கீரிமலைக் கரையில் எம் தந்தையாருக்கு முதன்முறையாகத் தர்ப்பணம் செய்ய அமர்ந்தோம். தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையினர் பெயர்களைக் குருக்கள் முறையே கேட்டார். முதலிரு பெயர்களையும் சொன்ன நாம், மூன்றாவதற்கு விடை தெரியாது விழித்தோம். பூட்டனாரை எம் வீட்டார் 'பென்சனியர்' என்றே அறிவர். மலாய் நாட்டு றெயில்வேயில் உத்தியோகம் பார்த்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர் என்பதால் அப்பெயர் வந்தது. எம் மௌனத்தைக் கண்ட குருக்கள் பொதுப் பெயரொன்றைக் கூறிக் கருமத்தை நிறைவேற்றி வைத்தார். ஆயினும் எமக்கு மனம் நிறையவில்லை. பிற நாட்டு மன்னர் பெயர்களைப் பரீட்சைக்காக மனனம் பண்ணிய நாம், நூறாண்டுக்குள் எம் வளவில் வாழ்ந்த ஒருவரின் பெயரை அறியாதிருந்தோமே என்று வெட்கினோம்.

இக்குறை எமக்கு மாத்திரம் உரியதன்று. மேனாட்டார் போன்று தலைமுறைதோறும் தொடரும் குடும்பப் பெயர் நம்மவர்க்கு இல்லை. தந்தையின் பெயரே மகனுக்கு முற்பெயராகும். பேரனது காலத்தில் அது மறைந்துவிடும். மூத்தோரைப் பெயர் சொல்லி அழைப்பதும் நம் வழக்கமன்று. மரியாதையால் மறைத்த பெயரே காலப்போக்கில் மறந்த பெயராயிற்று.

நூல்களிற் காணலாமோ எனின், மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்திலே, 1736ஆம் ஆண்டளவில் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை அரசர் வரலாற்றையும் குடியேறிய தலைவர் வரலாற்றையுமே கூறும். எம் போன்ற சாமானியர் வீட்டுப் பூட்டனார்க்கு அங்கு இடமில்லை. அவர்களைத் தேடுவோர் காணி உறுதிகளையே நாடல் வேண்டும்.

1707இல் ஒல்லாந்தர் எழுத்திற் பதித்த தேசவழமை, முன்னோர் வழி வந்த சொத்தை முதுசொம் என்றும், பெண்ணுக்குக் கொடுப்பதைச் சீதனம் என்றும், மணவாழ்விற் சம்பாதித்ததைத் தேடியதேட்டம் என்றும் பிரித்தது. பழைய வழமைப்படி தந்தையின் முதுசொம் புதல்வரையும் தாயின் சீதனம் புதல்வியரையும் சேரும். ஆகவே பெயர் தந்தை வழியே செல்ல, வீடு பெரும்பாலும் தாய் வழியே செல்லும். ஆண்களின் பெயரை மட்டும் பின்தொடர்வோர் பாதி வழியில் நின்றுவிடுவர். நாமும் முதலில் அவ்வாறே நின்றோம்.

பென்சனியர் வாழ்ந்த வீடு அவர் மனைவியாரின் சீதனம் என்று முதியோர் சொல்லக் கேட்டோம். அது அவர் மகளுக்கும், பின்னர் மகளின் மகளுக்கும் போயிற்று. அப்பேர்த்தியார் எமக்கு மாமி முறையானவர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவிலே, அவர் நகையையும் உடையையும் குறைத்துக்கொண்டு, உறுதிகள் வைத்த விசுக்கோத்துத் தகரத்தை மடியில் வைத்துச் சாவகச்சேரிக்குக் கொண்டு சென்றார். "உறுதி போனால் ஆர் எண்டு எங்களைச் சொல்லுறது, தம்பி?" என்று கூறியவாறே அத்தகரத்தை எம்மிடம் தந்தார்.

அதனுள்ளே நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்ட சீதன உறுதி கிடைத்தது. காணியின் பெயர், பரப்புக் கணக்கு, நாற்றிசை எல்லை, பங்குக் கிணறு ஆகியவற்றோடு மணமகன் பெயரும் அவர் தந்தையார் பெயரும் அதில் இருந்தன. ஆனால் மணமகனுக்கு அங்கே இரண்டு பெயர்கள்: ஒன்று சைவப் பெயர், மற்றையது கிறிஸ்தவப் பெயர்!

பென்சனியரின் மகளார் காலமானபோது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிட்ட கல்வெட்டு நூலையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். அதிலுள்ள வம்ச வரலாற்றிற் சைவப் பெயர் மாத்திரமே உண்டு. கோலாலம்பூரில் வாழும் உறவினர் ஒருவர் அனுப்பிய றெயில்வே உத்தியோகப் பத்திரத்தின் படத்திலோ கிறிஸ்தவப் பெயர் மாத்திரமே உண்டு. இரண்டையும் ஒருவர்க்குரியனவாக இணைத்தது அச்சீதன உறுதியே. கல்வெட்டு அன்பினால் எழுதப்படுவது. அன்பு சிலவற்றை விட்டுவிடும். உறுதி வழக்குக்கு அஞ்சி எழுதப்படுவது. அது எதையும் விடாது. ஆராய்வோர்க்கு இரண்டும் வேண்டும்.

இதனை அறிந்த எம் பெரிய தந்தையார் மிக வருந்தினார். "சைவக் குடும்பத்துக்கு இது எதற்கு? மலரில் எழுதாதே," என்றார். அவர் சொல்லைத் தட்ட எமக்கு மனமில்லை; உண்மையை மறைக்கவும் மனமில்லை. ஆதலால் எம் தேசத்து வரலாற்றையே அவர் முன் வைத்தோம்.

யாழ்ப்பாணத்தைப் பறங்கியர் 1619இலும், ஒல்லாந்தர் 1658இலும், ஆங்கிலேயர் 1795இலும் கைப்பற்றினர். ஒல்லாந்தர் ஆட்சியில் ஞானஸ்நானமும் விவாகமும் கோயிற் பற்றுப் பாடசாலைத் தோம்புகளிற் பதியப்பட்டன. அப்பதிவின்றி உத்தியோகமும் உரிமையும் பெறுதல் அரிதாயிற்று. பறங்கியர் இடித்த நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை 1734இல் மீண்டும் எழுப்பியவராகப் போற்றப்படும் இரகுநாத மாப்பாண முதலியாரின் பெயர்க்கு முன்னும் 'டொன் யுவான்' என்ற அடை உண்டு. 1823இல் அமெரிக்க மிஷனார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியிலும் மாணவர்க்கு மேனாட்டுப் பெயர் சூட்டும் வழக்கம் இருந்தது. தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை அங்குப் பயின்றவர்; அவருக்குச் சாள்ஸ் வின்ஸ்லோ என்ற பெயரும் இருந்தது. அப்பெயரால் அவர்தம் சைவப் பற்றும் தமிழ்ப் பற்றும் குறைந்தனவா?

மிஷன் பள்ளியிலே காலைச் செபத்துக்கு எழுந்து நின்று, மாலையில் வீட்டில் திருநீறு அணிந்து வளர்ந்தவர் நாம். பூட்டனார் இரு பெயர்களோடு வாழ்ந்ததை விளங்கிக்கொள்வது எமக்குக் கடினமன்று. பெரிய தந்தையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் நாம் வைத்திருந்த கொப்பியை வாங்கி, இரு பெயர்களையும் தம் கையாலேயே எழுதினார்.

இவ்வாண்டு கீரிமலையில் குருக்கள் மூன்றாம் பெயரைக் கேட்டபோது சைவப் பெயரைத் தெளிவாகச் சொன்னோம். அது கிரியைக்குரிய பெயர். வரலாற்றுக்குரிய இரு பெயர்களும் கொப்பியில் உள்ளன.

வாலிப அன்பர்களே! 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. எஞ்சியவை வீட்டுத் தகரங்களிலும் முதியோர் நினைவிலுமே உள்ளன. இன்று மாலையே ஒரு கொப்பியும் பேனையும் எடுத்து அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ செல்லுங்கள். பெயர், ஊர், காணியின் பெயர், பெண் எடுத்த வீடு, பெண் கொடுத்த வீடு ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். யார் சொன்னார், எந்த உறுதியிற் கண்டீர் என்பதையும் பக்கத்திற் குறியுங்கள். பழைய கல்வெட்டு நூல்களை எறியாதீர். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இணையத்திற் பேணிவரும் நூல்களுள் அத்தகைய நினைவு மலர்களும் உண்டு.

பெரியோர்களே! பிள்ளைகள் கேட்கும்போது, உவந்ததையும் சொல்லுங்கள், உவவாததையும் சொல்லுங்கள். அவர்கள் அதனால் உங்களை இகழார்.