மலேரியாக் கிருமியின் கல்லீரல் பருவம்: ஆய்வுக்கூட வளர்ப்பு

அனாபிலிஸ் கொசு கடிக்கும்போது மனித தேகத்தில் பிரவேசிக்கும் மலேரியாக் கிருமி, ரத்தத்தை அடைந்து ஜுரத்தை விளைவிக்குமுன், கல்லீரல் உயிரணுவுக்குள் யாதொரு குறியும் காட்டாது தங்கி, ஒன்று பல்லாயிரமாய்ப் பெருகும் பருவத்தை, உடலுக்கு வெளியே வளர்த்து ஆராயும் முறை இது. இப்பருவம் உண்டென்பதையே 1948-இல்தான் ஷார்ட், கார்ன்ஹம் என்னும் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் குரங்கின் கல்லீரலில் கண்டு நிரூபித்தனர்.

இக்கிருமிகளுள் பால்சிபேரம் இனத்தின் ரத்தப் பருவத்தை இடைவிடாது வளர்க்க 1976-இல் டிரேகர், ஜென்சன் என்னும் ஆய்வாளர்கள் வழிகண்டனர். கல்லீரல் பருவமோ அத்துணை எளிதில் வசப்படவில்லை. தொற்றைத் தொடங்கும் கிருமிகளைக் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிகளினின்றே பிரித்தெடுக்க வேண்டியிருப்பதும், பிரித்தெடுத்த மனிதக் கல்லீரல் அணுக்கள் சில தினங்களிலேயே தம் சுபாவத்தை இழப்பதும், பால்சிபேரம் முதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டுவதும் பெருந்தடைகளாயின. எலிகளைப் பீடிக்கும் பெர்கை இனம், ஹெப்ஜி2 என்னும் புற்றணுக்களில் இரண்டே தினங்களில் முதிர்வதால் ஆய்வாளர்க்குப் பேருதவி புரிந்தது. எனினும் அதன் சாட்சியத்தை மனித நோய்க்கு அப்படியே பொருத்துவது தகாது.

1980-களின் மத்தியில் பிரான்ஸில் டோமினிக் மாசியே குழுவினர் மனிதக் கல்லீரல் அணுக்களிலேயே வைவாக்ஸ், பால்சிபேரம் இனங்களை வளர்த்துக் காட்டினர். மனித அணுக்களைச் சிறு தீவுகளாக அமைத்து, துணையணுக்கள் சூழ வைத்து, வாரக்கணக்கில் அவற்றின் செயல் குன்றாது காக்கும் பாட்டியா என்னும் ஆய்வாளரின் குழுவினரது முறையில், இவ்விரு இனங்களின் கல்லீரல் பருவமும் 2013-இல் வளர்க்கப்பட்டது. மனிதக் கல்லீரல் அணுக்களைத் தாங்கிய எலிகளும் பயன்படுகின்றன. கல்லீரலில் உறங்கிக் கிடக்கும் வைவாக்ஸ் கிருமிகளே மாதங்கள் கழித்து ஜுரத்தை மீட்டெழுப்புபவை. அவற்றை அழிக்கப் பிரைமாகுயின், டாஃபினோகுயின் என்னும் ஒரே குடும்பத்து மருந்துகளே கைவசமிருத்தலாலும், ஜி6பிடி நொதி குறைந்தோர்க்கு அவை ரத்தச் சிதைவை விளைவித்தலாலும், புதிய ஔஷதங்களைச் சோதிக்க இவ்வளர்ப்பு முறைகள் அத்தியாவசியமாகின்றன.