அலெக்ஸ் டெலவேர் (புதினத் தொடர்)

அலெக்ஸ் டெலவேர் என்பது அமெரிக்க எழுத்தாளர் ஜோனத்தன் கெல்லர்மன் ஆங்கிலத்தில் எழுதிவரும் துப்பறியும் புதினத் தொடரும், அதன் முதன்மைக் கதைமாந்தரின் பெயரும் ஆகும். லாஸ் ஏஞ்சலஸ் நகரைக் களமாகக் கொண்ட இத்தொடரின் முதற் புதினம் வென் த பவ் பிரேக்ஸ் 1985 இல் வெளிவந்தது. 2025 இல் வெளிவந்த ஓப்பன் சீசன் இதன் நாற்பதாவது புதினம். டெலவேர் காவலரோ தனியார் துப்பறிவாளரோ அல்லர், குழந்தைகளுக்கான உளவியலாளர்.

பின்னணி

கெல்லர்மனும் (பிறப்பு: 1949) அதே தொழிலைச் சேர்ந்தவர். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்று, லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றினார். அங்கு, புற்றுநோயுற்ற சிறுவர்களுக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் உளவியல் உதவி வழங்கும் திட்டத்தைத் தொடங்கி நடத்தினார். இப்பட்டறிவின் சாயலைத் தொடரின் தொடக்க காலப் புதினங்களில் காணலாம். பிளட் டெஸ்ட் (1986), சிகிச்சையால் பிழைக்கக்கூடிய புற்றுநோய்ச் சிறுவன் ஒருவன் மருத்துவமனையிலிருந்து பெற்றோருடன் காணாமற் போவதைப் பற்றியது.

கதைமாந்தர்

பணிச்சுமையால் மனம் சோர்ந்து, 33 வயதிலேயே ஓய்வு பெற்றவராக டெலவேர் அறிமுகமாகிறார். பெரும்பாலும் அவரே கதையைக் கூறுகிறார். அவருடைய நண்பரான மைலோ ஸ்டர்ஜிஸ், கொலை வழக்குகளை விசாரிக்கும் காவல்துறை அதிகாரி. ஸ்டர்ஜிஸ் ஒரு தற்பாலீர்ப்பினர். காவல்துறையில் அவர் எதிர்கொள்ளும் புறக்கணிப்பு தொடக்கப் புதினங்களில் வெளிப்படையாகவே பேசப்படுகிறது. 1980களின் வெகுமக்கள் குற்றப்புனைவில் இது அரிது. டெலவேரின் துணைவி ராபின் கித்தார் முதலிய நரம்பிசைக் கருவிகளைச் செய்பவர். நாற்பது ஆண்டுகள் கடந்தும் இவர்கள் அதற்கேற்ப மூப்படைவதில்லை என்பது வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று.

துப்பறியும் முறை

தடயங்களைத் தேடுவது ஸ்டர்ஜிஸின் வேலை. பேசவைப்பதும் கேட்பதும் டெலவேரின் வேலை. முதற் புதினத்தில் இரட்டைக் கொலைக்குச் சாட்சியாக இருக்கக்கூடியவள் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டுமே. அவளுக்குத் தொடர்ந்து மருந்துகள் கொடுக்கப்பட்டு வருகின்றன. அவளிடமிருந்து உண்மையைப் பெறுவது காவல்துறையின் தேவை. அவ்வாறு பெறுவதால் அவளுக்கு நேரக்கூடிய தீங்கோ டெலவேரின் பொறுப்பு. இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறியே, கொலையாளி யார் என்ற கேள்வியைக் காட்டிலும் புதினத்தை நகர்த்துகிறது.

டெவில்ஸ் வால்ட்ஸ் (1993) இதனினும் கடினமான சிக்கலை எடுத்துக்கொள்கிறது. காரணம் தெரியாத நோய்களுடன் ஒரு குழந்தை மீண்டும் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறது. பெற்றோரே குழந்தைக்கு நோயை உண்டாக்கும் கோளாறு இதுவோ என மருத்துவர்கள் ஐயுறுகின்றனர். ஐயம் பொய்யானால் ஒரு குடும்பம் சிதையும்; மெய்யாக இருந்து தாமதித்தால் குழந்தை இறக்கும்.

பிற்காலப் புதினங்களில் இத்தகைய குழந்தை நோயாளிகள் குறைந்து, ஸ்டர்ஜிஸின் கொலை வழக்குகளே முதன்மை பெறுகின்றன. அவற்றில் டெலவேர் பெரிதும் ஆலோசகராகவே வருகிறார். தொடரின் தனித்தன்மையும் அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

வரவேற்பு

முதற் புதினம், சிறந்த முதற் புதினத்துக்கான எட்கர் விருதை 1986 இல் பெற்றது. அதே ஆண்டில் தொலைக்காட்சித் திரைப்படமாகவும் எடுக்கப்பட்டது. அதில் டெட் டான்சன் டெலவேராக நடித்தார்.